படத்தில் இடமிருந்து வலம்

மாவட்டச் செய்திப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். நெய்வேலி என்று போட்டு ஒரு பத்தி, அதற்கு மேல் ஒரு படம். படத்தில் ஓர் அரிசிப் பை. மிஞ்சிப்போனால் ஐந்து கிலோ. அதைப் பதினான்கு கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தேர் வடத்தில்கூட இவ்வளவு நெருக்கமாகக் கை விழாது. பைக்குப் பின்னால் சால்வைகள், சட்டையில் பின், தலைவர் கழுத்தில் பட்டயம். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள்: தலைவர், செயலர், பொருளாளர், உடனடி முன்னாள் தலைவர், சாசனத் தலைவர், மண்டலத் தலைவர், வட்டாரத் தலைவர். ஒருத்தர் பெயரில் ஓர் எழுத்து பிழையானால் மறுநாள் நிருபருக்குப் போன் போகும்.

பையின் மறுமுனையில் ஓர் அம்மாள் நிற்கிறார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருக்கிறார். எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. “கொஞ்சம் சிரிங்கம்மா, பைய மேல தூக்குங்க, பேனர் மறைக்குது” என்று போட்டோக்காரர் சொன்னதும் பையை இறக்குகிறார், ஏற்றுகிறார், மறுபடியும் இறக்குகிறார். அவருக்குப் பெயர் போடவில்லை. ‘பயனாளி’ என்று போட்டிருக்கிறார்கள். அது போதுமாம்.

எந்தச் சேவைச் சங்கம் என்று கேட்க வேண்டாம். ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் நெய்வேலியில் அதற்கு ஒரு தனி ருசி. ஏனென்றால் இங்கே கொடுக்கிற கை எது, எடுத்த கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் வேலிக்கு உள்ளே நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், மரம் அடர்ந்த சாலை. வேலிக்கு வெளியே மந்தாரக்குப்பம், இந்திரா நகர், அப்புறம் கிராமங்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் படித்தால் இரண்டு பக்கமும் கைகுலுக்குவது தெரியும். உள்ளேயிருந்து அதிகாரிகள். வெளியேயிருந்து கான்ட்ராக்டர், பங்க் முதலாளி, மெட்ரிக் பள்ளித் தாளாளர், நகைக்கடைக்காரர், ஸ்கேன் சென்டர் டாக்டர். டெண்டர் போடுகிறவரும் டெண்டர் பிரிக்கிறவரும் ஒரே மேஜையில் ஒரே பின் குத்திக்கொண்டு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் நட்புறவு. அழைப்பிதழைப் பாருங்கள்: மாலை ஏழு மணிக்கு மணியடித்துக் கூட்டம் தொடக்கம், செயலர் அறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை, கடைசி வரியில் ஃபெல்லோஷிப். கூட்டம் சேர்வது அந்தக் கடைசி வரிக்கு. அந்த பில்லைக் கட்டுவது யார் என்று செயலர் அறிக்கையில் தேடாதீர்கள்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, வரலாறே அப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களைக் கூட்டிவைத்துத் தொடங்கியது ரோட்டரி. ஆரம்பத்தில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டார்கள். சேவை பிறகுதான் வந்தது. முதல் பெரிய சேவை என்ன தெரியுமா? சிகாகோ நகரத்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பியது. சால்வைக்குத் தோதான விஷயமில்லை. ஆனாலும் நகராட்சியோடு மல்லுக்கட்டிக் கேட்டு வாங்கினார்கள். கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பழக்கம் கப்பலேறும்போது கடலில் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

முழுக்க விழுந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. போலியோவை ஒழிப்பதில் ரோட்டரி 1985இலிருந்து போட்ட பணமும் உழைப்பும் பொய்யில்லை. 2011 ஜனவரியில் ஹவுராவில் நோய் கண்ட ஒரு குழந்தையோடு இந்தியாவில் காட்டு வைரஸ் போலியோ முடிந்தது. லயன்ஸ் நடத்தும் கண் முகாம்களில் பார்வை பெற்ற கிழவிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். வக்கில்லாதவர்கள் வாய்மூடிக் கிடந்தால் பரிதாபப்படலாம். ஒரு நோயையே உலகத்தை விட்டுத் துரத்தக் கிளம்பிய கூட்டம், பக்கத்துக் கிராமத்து வாய்க்காலைப் பற்றிப் பேசச் சொன்னால் ஏப்பம் விடுகிறதே.

ரோட்டரிக்காரர்களுக்கு நான்கு கேள்விகள் உண்டு. 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், திவாலாகக் கிடந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதிவைத்தவை. நினைப்பது, சொல்வது, செய்வது எதுவானாலும்: உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லோருக்கும் நன்மையா? உலகம் முழுக்கக் கூட்டங்களில் எழுந்து நின்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு உட்காரும்போது சூப் வந்துவிடும்.

அந்த நான்கையும் எடுத்துக்கொண்டு 2023 ஜூலை 26ஆம் தேதிக்குப் போவோம். இடம் பக்கத்துக் கிராமமான வளையமாதேவி. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும். போலீஸ் பாதுகாப்போடு மண்வாரி இயந்திரங்கள் இறங்குகின்றன. வயலில் நெற்பயிர். இயந்திரம் பச்சைப் பயிரை மண்ணோடு புரட்டிப்போட்ட காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, இழப்பீடு கொடுத்தாயிற்று, விதைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றது நிறுவனம். இருக்கட்டும். பயிர் அழிவதைப் பார்த்துக் கண்ணீர் வந்தது, அறுவடை வரைக்கும் பொறுக்கக்கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியே கேட்டார். பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று நீதிமன்றம் பயிருக்கு விலை வைத்தது. நீதிபதிக்கு அழுகை வந்தது. கழுத்தில் பட்டயம் மாட்டிய ஒருவருக்காவது தொண்டையைச் செருமிக்கொள்ளத் தோன்றியதா? உண்மையா, நியாயமா என்று வாரம் தவறாமல் கேட்கிற வாய்கள் அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தன? ஜூலை மாதம் அல்லவா, பதவியேற்பு விழாக் காலம். சால்வை எண்ணிக்கொண்டிருந்திருக்கும்.

ஜூலை என்றதும் இன்னொன்று. ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டுப் பிறப்பு ஜூலை 1. அன்றைக்கே டாக்டர்கள் தினம், டாக்டருக்குச் சால்வை. அன்றைக்கே ஆடிட்டர்கள் தினம், ஆடிட்டருக்கும் சால்வை. 2020இல் அதே ஜூலை 1 காலையில்தான் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் கொதிகலன் வெடித்தது. அங்கேயே 6 பேர் கருகினார்கள். சென்னை மருத்துவமனையில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சாவு எண்ணிக்கை இரட்டை இலக்கத்துக்கு ஏறியது. இரண்டு மாதத்துக்கு முன், மே 7இல், பக்கத்து ஆறாவது யூனிட்டும் வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலிக்கு வெளியே குடியிருந்து வேலிக்கு உள்ளே வேகிறவர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 வருகிறது. என் கண்ணில் பட்ட அழைப்பிதழ் எதிலும் அவர்களுக்கு ஒரு நிமிட மௌனம்கூட அச்சாகவில்லை. மௌனம் சங்கங்களிடம் கைவசம் நிறைய இருக்கிறது, அச்சடிக்கத்தான் மனமில்லை.

மௌனமாக இருந்துவிட்டு என்ன கொடுக்கிறார்கள்? தண்ணீர் கொடுக்கிறார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை ராட்சத பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியிலிருந்து ஊற்று அழுத்திச் சுரங்கம் மூழ்கிவிடும். கிராமத்துக் கிணறு கீழே கீழே போகிறது. பூவுலகின் நண்பர்களும் மந்தன் ஆய்வு மையமும் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், ஓரிடத்துத் தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 115 மடங்கு என்று இருந்தது. நிறுவனம் மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இந்த ஊரில் சேவைச் சங்கம் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து, அறிக்கை உண்மையா பொய்யா என்று ஊருக்குச் சொல்லலாம். சங்கத்தில் கெமிஸ்ட்டுகளுக்கா பஞ்சம்? அதைச் செய்வதில்லை. அரசுப் பள்ளிக்கு ஓர் ஆர்.ஓ. மெஷின் கொடுப்பார்கள். மெஷினைவிடக் கல்வெட்டு பெரிதாக இருக்கும். தண்ணீர் ஏன் கெட்டது என்ற கேள்வி கல்வெட்டில் இடம் பிடிக்காது, உபயதாரர் பெயர்களே நெருக்கியடித்து நிற்கின்றன. ஆறு மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கல்வெட்டு அடைத்துக்கொள்வதில்லை.

மரக்கன்று வேறு நடுகிறார்கள். சக்கரத்தில் வாளி கட்டிய இயந்திரங்கள் ராப்பகலாகப் பூமியைத் தோண்டும் ஊரில், கைப்பிடியில் ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் ஓர் அடி குழி. போன வருஷம் நட்ட அதே குழி என்பதால் தோண்டுவது சுலபம்.

கூட்டத்தில் இதையெல்லாம் பேசக்கூடாதா என்று ஒரு செயலரிடம் கேட்டேன். “சார், அரசியல் பேசக்கூடாது. அது நம்ம ரூல்” என்றார். லயன்ஸின் நோக்க உரையை எடுத்துப் படித்தேன். பொது நலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் மனம் திறந்து விவாதிக்கக் களம் அமைப்பது என்று இருக்கிறது. கட்சி அரசியலையும் மதச் சண்டையையும் மட்டும் விட்டுவிடச் சொல்கிறது. நம்மவர்கள் பின்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு முன்பாதியைச் சாய்ஸில் விட்டுவிட்டார்கள். வாய்க்கால் எந்தக் கட்சி? கொதிகலன் எந்தக் கட்சி? ஆனால் பதவியேற்பு விழா மேடையில் எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்பதில் வருகிற சண்டை மட்டும் அரசியல் இல்லை.

நெய்வேலியிலிருந்து வடலூர் எத்தனை தூரம்? பஸ் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவனிடம் பெயர் கேட்பதில்லை, பையைத் தூக்கிக் காட்டச் சொல்வதும் இல்லை. தருமச்சாலைக்கும் ஞான சபைக்கும் நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்துக் கிராமத்தார். அவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் எதுவும் நம்மிடம் இல்லை. இப்போது தைப்பூசத்துக்கு நம்மவர்கள் அங்கேயும் போகிறார்கள், பொட்டலத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு. ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தால் தொண்டருக்கு ஏச்சு விழுகிறது.

லயன்ஸில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. வேலையே அபராதம் போடுவது. பின் குத்தாமல் வந்தாயா, ஐம்பது ரூபாய். தாமதமாக வந்தாயா, ஐம்பது ரூபாய். எல்லோரும் சிரித்துக்கொண்டே கட்டுவார்கள். அந்த உண்டியலை எல்லாச் சங்கங்களும் ஒரு வருஷம் ஊருக்குக் கடன் கொடுக்கட்டும். கட்டணத்தை நான் எழுதித் தருகிறேன். வளையமாதேவி என்ற பெயர் உச்சரிக்கப்படாத ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைக்கு 100. ஜூலை 1 அன்று கொதிகலனை மறந்து கேக் வெட்டினால் 500. தண்ணீர் ஏன் கெட்டது என்று கேட்காமல் ஆர்.ஓ. மெஷினுக்கு ரிப்பன் வெட்டினால் கத்தரிக்கோலுக்கு 1,000. பையைப் பிடிக்கும் ஒவ்வொரு கூடுதல் கைக்கும் 200, படத்தில் முழங்கை மட்டும் விழுந்திருந்தாலும் தள்ளுபடி கிடையாது. டெண்டர் போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட அதிகாரிக்கு 5,000. ரசீதை மட்டும் கான்ட்ராக்டர் பெயரிலேயே எழுதிவிடலாம். எப்படியும் அவர்தான் கட்டப்போகிறார்.