எலி கடிக்கவில்லை, அம்மா

மினியாபொலிஸ்
7.2.2016

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊருக்கு வந்த பாபு கையில் கொடுத்தனுப்பிய சீரியல் பெட்டிகளில் ஓட்டை விழுந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "அங்கேயும் எலித் தொல்லையாடா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

எலி இல்லை. நான்தான், கத்தரிக்கோலால்.

இங்கே சீரியல், கேக் மாவுப் பெட்டிகளில் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கூப்பன் அச்சடித்திருக்கும். பாக்ஸ் டாப்ஸ் என்று பெயர். வெட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால், பள்ளிக்கூடம் அதையெல்லாம் சேர்த்து அனுப்பும். கூப்பனுக்கு 10 சென்ட் வீதம் பள்ளிக்கு செக் வரும். ஜெனரல் மில்ஸ் கம்பெனி 1996ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த ஏற்பாடு. கம்பெனியின் தலைமை அலுவலகம் இதே ஊர்ப் பக்கம்தான். "நேரிலேயே போய்க் காசை வாங்கிட்டு வரவேண்டியதுதானே" என்பார் அப்பா.

10 சென்ட் என்றால் ஏழு ரூபாய்கூட இல்லை. அதற்கு இருக்கிற சட்டத்தைக் கேள். கோட்டை ஒட்டி வெட்ட வேண்டும். ஓரத்தில் எறும்பு சைஸில் கெடு தேதி இருக்கும். அது முழுசாகத் தெரிய வேண்டும். தேதி அறுந்தால் செல்லாது, தாண்டினாலும் செல்லாது. ஐம்பது ஐம்பதாக எண்ணிப் பையில் போட வேண்டும். நான் ஒரு மாசம் அழகழகாக, ஓரமெல்லாம் நறுக்கி, சின்னச் சின்னச் சதுரமாக 41 கூப்பன் கொடுத்தேன். பள்ளியில் எண்ணுகிற அம்மாள் மொத்தத்தையும் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். 41லும் தேதியையும் சேர்த்து நறுக்கி எறிந்திருக்கிறேன். நாலு டாலர் 10 சென்ட் நஷ்டம். உன் பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதிகம் சேர்க்கிற வகுப்புக்கு பீட்சாவாம்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் போன வாரம் ஆபீஸ் குப்பைத்தொட்டியில் கை விட்டேன். காலிப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. நிமிர்ந்தால் மேனேஜர். "குழந்தை ஸ்கூலுக்கு" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. தன் மேஜை டிராயரிலிருந்து பதினோரு கூப்பன் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் தேதியோடு.

நீ பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடும்போது, "சிநேகிதன் வர்ற நேரத்துல இதென்ன தோரணம்?" என்று கத்தியவன் நான். இப்போது என் ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கக் காந்தத்தில் கூப்பன் தொங்குகிறது. நீயாவது எடைக்குப் போட்டுக் காசைக் கையில் வாங்கினாய்.

ஒன்று மட்டும் மனசு ஒப்பவில்லை. இத்தனை பெரிய பணக்கார தேசத்தில் பள்ளிக்கூட வரவில் ஒரு பகுதி வீட்டு வரியைப் பொறுத்தது. பேட்டைக்குப் பேட்டை மாறும். இந்தக் கூப்பனில் நூறு டாலர் வேண்டுமென்றால் பிள்ளைகள் ஆயிரம் பெட்டி தின்ன வேண்டும். இருபது டாலரைக் கையில் கொடுத்தால் இருநூறு பெட்டி மிச்சம். சொன்னேன். "அது போட்டியில சேராதுப்பா" என்கிறாள் பேத்தி.

சீரியல் அலுத்துவிட்டது அம்மா. காலையில் ஆறிய இட்லி கிடைத்தால்கூடப் போதும்.

அனுப்பியதில் இரண்டாவது பெட்டி இருக்கிறதே, அவசரத்தில் அதை வெட்ட மறந்துவிட்டேன். எடைக்குப் போட்டுவிடாதே. கூப்பனை வெட்டி பாபுவிடம் கொடு. 25ஆம் தேதி திரும்புகிறான். பள்ளி அனுப்பக் கடைசி நாள் மார்ச் 1. தேதியை விட்டுவிடாமல் வெட்டு.

அன்புடன்,
உன் மகன்