ஆர்.வி. இயல்: ஊடல் நீளம் அளந்து நிறுவியது

பாயிரம்

ஒரு நூலுக்கு முன்னே பாயிரம் வைத்து அதில் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்று நன்னூலார் விதித்துப் போனார். எட்டையும் சொல்ல இங்கே இடமில்லை. ஆக்கியோன் பெயரைச் சொன்னால் வீட்டில் வம்பு; விடுவோம். வழங்கும் எல்லை: வடக்கே ஜார்ஜ்டவுன், தெற்கே ஆஸ்டின், கிழக்கே ஹட்டோ, மேற்கே சீடர் பார்க் என்னும் நான்கெல்லைக்குட்பட்ட ரவுண்ட் ராக். கேட்போர்: சில்லிலோ மென்பொருளிலோ முப்பது ஆண்டு தேய்ந்து, பிள்ளைகளைக் கல்லூரி தாண்டவிட்டு, மெடிகேர் அட்டை கைக்கு வந்ததும் ‘இனி ஊரைச் சுத்திப் பார்க்கலாம்’ என்று கிளம்பிய தம்பதியர். நுதலிய பொருள்: அவர்கள் வாங்கும் முதல் மோட்டார்ஹோம் (ஆர்.வி.) எத்தனை அடி நீளம் இருக்க வேண்டும் என்பது. பயன்: வழக்கம்போல் அறம், பொருள், இன்பம், வீடு. இங்கே வீட்டுக்குச் சக்கரம் உண்டு.

இவ்வாராய்ச்சியை ஏன் ரவுண்ட் ராக்கில் நிகழ்த்த வேண்டும் என்று வினவுவாரும் உளர். அந்த ஊரின் பெயரே வண்டிக்காரர்களால் நிலைத்தது. பிரஷி கிரீக் ஓடைக்கு நடுவே மேசைபோல் ஒரு வட்டச் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. தண்ணீர் எங்கே குறைவு, எங்கே வண்டியை இறக்கலாம் என்பதற்கு அதுவே அடையாளம். 1854-இல் ஊருக்கும் அந்தப் பெயரே ஆயிற்று. அந்நாளில் கடந்துபோன வண்டிகளின் சக்கரத் தடம் ஓடைப் படுகையில் இன்றும் தெரிகிறது. அதற்குக் கிழக்கே சிறிது தொலைவில், ஐ-35 நெடுஞ்சாலையில், இன்றைய வண்டிகள் மாலை ஐந்து மணிக்கு அவற்றைவிட மெதுவாக நகர்கின்றன.

முன்னோர் மொழிந்த பொருள்

சக்கரத்தின் மேல் குடித்தனம் அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பர் ஒரு சாரார். 1910-இல் பியர்ஸ்-ஆரோ கம்பெனி நியூயார்க்கில் காட்சிக்கு வைத்த டூரிங் லாண்டோவையே முதல் வண்டி என்று காட்டுவர். அது பொருந்தாது. என்னை? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணர் குடும்பத்தோடு வண்டியில் போகிறார்கள். காடிப் பானை வண்டியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கைக்குழந்தைக்காரி எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் நடக்கிறார்கள். ஊறுகாய், குழந்தை, ஓட்டுநர் இருக்கையில் மனைவி, அறிவுரையோடு கூடவே வரும் கணவன் என மோட்டார்ஹோமின் உறுப்பெல்லாம் அங்கே நிறைந்துவிட்டன.

இன்னொரு சான்று புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. மேடோ பள்ளமோ, வழியில் என்ன நேருமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதை ஔவையார் சொல்கிறார். இன்று சில லட்சம் டாலருக்கு விற்கும் பெரிய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் கிடையாது. கேட்டால், தெருவோர உதவிக்குப் போன் செய்யலாம் என்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டில் போக்குவரத்து எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைப் படிப்பவர் முடிவுக்கே விடுகிறோம்.

டெக்சஸ் மரபும் சளைத்ததல்ல. 1866-இல் சார்லஸ் குட்நைட் என்னும் மாட்டு வியாபாரி (கொசு விரட்டிக்கும் இவருக்கும் உறவில்லை) பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறம் அடுக்குப் பெட்டி பொருத்தி, அதன் கதவைச் சாய்த்தால் மேசையாகும்படி செய்து, நடமாடும் அடுக்களை படைத்தார். சக் வேகன் என்று அதற்குப் பெயர். 2005-இல் டெக்சஸ் சட்டமன்றம் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாகனமாகவே அறிவித்தது. அந்த வண்டிச் சமையற்காரர் பொன்போல் காத்தது புளித்த மாவு. பனிக்காலத்தில் அந்த மாவுப் பீப்பாயைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள் என்று சொல்வதுண்டு. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கும் ரவுண்ட் ராக் மாமிகளுக்கு இதில் வியப்பேதும் இருக்காது.

ஓய்வுக்காலத்தில் வண்டியேறிய இந்தியருள் தலையாயவர் என்.டி. ராமராவ். 1982-இல் கட்சி தொடங்கி, பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றிச் ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு, அதிலேயே படுத்து எழுந்து ஆந்திரம் முழுதும் சுற்றினார். 1983 ஜனவரியில், அறுபது நிறையுமுன், முதலமைச்சர். தெலுங்குக்கார அண்டைவீட்டாரிடம் ஆர்.வி. வாங்கப் போவதாகச் சொல்லும்போது இதை நினைவில் வைப்பது நலம். நம்மூர் உறவினரிடம் சொன்னால் வரும் கேள்வி வேறு: “ஷூட்டிங்ல ஹீரோவுக்கு நிறுத்துவாங்களே, அந்தக் கேரவனா மாப்ள?” ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். மறுத்து விளக்கப் புகுந்தால் கழிவறையின் கறுப்புத் தொட்டி வரை விளக்க நேரும்.

வகையியல்

மோட்டார்ஹோம் மூவகைப்படும்: ஏ, பி, சி. பெரியது ஏ, மிகச் சிறியது பி, நடுத்தரம் சி. இவ்வரிசையை வகுத்தவர் இலக்கணம் படித்தவரல்லர் என்பது வெளிப்படை.

ஏ வகை பேருந்து போன்றது. முகம் முழுக்கக் கண்ணாடி. பி வகை, ஸ்பிரின்டர், டிரான்சிட், புரோமாஸ்டர் போன்ற வேன்களைக் குடைந்து வீடாக்கியது. பெரும்பாலும் 19 முதல் 24 அடிக்குள் அடங்கும். சி வகைக்கு வேனின் முகமும் பெட்டியின் உடலும், ஓட்டுநர் தலைக்குமேல் ஒரு பரணும் உண்டு. அந்தப் பரண் பேரப்பிள்ளைகளுக்கு என்று விற்பனையாளர் சொல்வார். உண்மையில் அது அரிசி மூட்டைக்கு.

ஏ வகையின் கனமான வண்டிகள் 26,000 பவுண்டைத் தாண்டும். தாண்டினால் டெக்சசில் வழக்கமான ஓட்டுநர் உரிமம் செல்லாது. பி வகுப்பு உரிமத்துக்குத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஏ வகைக்குப் பி வகுப்பு! முன்னே சொன்ன இலக்கணக் குறையை அரசும் வழிமொழிந்திருக்கிறது.

அடுக்களையியல்

வண்டி பார்க்கப் போகும் ஆண்கள் எஞ்சினைக் கேட்பர். பெண்கள் அடுப்பைப் பார்ப்பர். பின்னதே அறிவு. சிறிய வண்டிகளுக்கு வரும் மின்சாரம் 30 ஆம்ப். 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட். ஆகஸ்ட் மாத டெக்சசில் ஏ.சி.யை நிறுத்த முடியாது. அது ஏறத்தாழ 1,500 வாட் குடிக்கும். இன்டக்‌ஷன் அடுப்பை முழுவீச்சில் வைத்தால் 1,800. மிச்சம் 300. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு அதில் இடம் கிடைத்துவிடும். அந்நேரம் பார்த்து ஒருவர் மைக்ரோவேவில் காபி சூடாக்கப் போனால் வண்டியே இருண்டுவிடும். 50 ஆம்ப் வண்டியில் இரண்டு இணைப்பு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். அதில் கல்யாணமே நடத்தலாம். ஆனால் அவ்வசதி பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்கே.

தாளிப்பு தனி அதிகாரம் வேண்டுவது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானதால் அதைக் கண்டறியும் கருவி தரையோரத்தில் இருக்கும். புகையைக் கண்டறியும் கருவி கூரையில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நின்று கடுகும் வரமிளகாயும் வெடிக்கவிட்டால், மேலிருப்பது அலறும். பயண அனுபவமுள்ளோர் தாளிப்பை வெளியே, முகாம் மேசையில், தனி அடுப்பில் வைத்துக்கொள்வர். அதனால் நேரும் சமூக விளைவுகளைப் பின்னர் கூறுதும்.

நீரியல் சுருக்கமானது. பல சி வகை வண்டிகளில் வெந்நீர்த் தொட்டி 6 காலன், அதாவது 23 லிட்டர். நம் கணக்கில் ஒரு வாளிக்குச் சற்றே மேல். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமை வண்டியில் நிகழாது. கழிவுக்கு இரு தொட்டி: கறுப்பு, சாம்பல். முதலில் கறுப்பைத் திறந்துவிட்டு, பின் சாம்பலைத் திறக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் குழாயை அலசிக்கொண்டு போகும். இவ்வரிசையை மாற்றிச் செய்தவர் இரண்டாம் முறை மாற்றுவதில்லை.

வாஸ்து கேட்போர்க்கு ஒரு சொல். பி வகையில் அடுப்பு வலப்பக்கம், சற்றுப் பின்னே இருப்பதாகக் கொள்வோம். ஐ-35 வழியே டாலஸ் நோக்கி வடக்கே போகையில் அது தென்கிழக்கு, அக்கினி மூலை, குறையில்லை. திரும்பி வருகையில் வடமேற்கு, வாயு மூலை. சமையலுக்கு அதையும் இரண்டாம்பட்சமாக வாஸ்துக்காரர்கள் ஏற்பார்கள். கிழக்கே ஹியூஸ்டன் மீனாட்சியைக் கும்பிடப் போகிறவர்கள் போகும் வழியில் மட்டும் சமைக்காதிருக்கலாம். அப்போது அடுப்பு தென்மேற்கில் கிடக்கும்.

ஊடலியல்

இனி நூலின் உயிர்நிலை. விற்பனையாளர் எவரும் சொல்லாத அளவு ஒன்றுண்டு. அதை ஊடல் நீளம் என்போம். கோபித்துக்கொண்ட ஒருவர் மற்றவர் கண்ணில் படாமல் போய் உட்காரத் தேவையான மிகக் குறைந்த தூரம் அது.

ரவுண்ட் ராக் வீட்டில் இச்சிக்கல் எழுவதில்லை. கீழே படுக்கையறை, மாடியில் பிள்ளைகள் விட்டுப்போன கேம் ரூம், நடுவே பதினாறு பதினேழு படி. முழங்கால் வலியுள்ள பருவத்தில் அந்தப் படிகளே ஒரு மாநில எல்லை. இப்படி ஒருவரையொருவர் நாளைக்கு மூன்று வேளை மட்டும் சந்தித்துப் பழகியவர்கள் திடீரென 19 அடிக்குள் இறங்குகிறார்கள். அங்கே மூடும் கதவு ஒன்றே. அது கழிவறைக் கதவு. ஒரே நேரத்தில் இருவர் ஊடினால் ஒருவருக்குத்தான் இடம்.

பழைய அகமரபில் ஊடல் தீர்க்க ஆள் இருந்தார்கள். தோழி, பாணன், விருந்தினர், கண்டோர் எனத் தொல்காப்பியர் பன்னிரு வாயில்களை எண்ணுகிறார். மோட்டார்ஹோமில் பன்னிருவர்க்கு சீட் பெல்ட் இல்லை. முகாமில் கண்டோர் உண்டு: மின்னசோட்டாவிலோ அயோவாவிலோ இருந்து குளிருக்குத் தப்பி வந்து தங்கும் வின்டர் டெக்சன்கள். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பாட்டா, வெளியே தாளிக்கும் வாசனை பிடித்து நடந்து வந்து, “என்ன சமைக்கிறீங்க?” என்று கேட்கிறார். அதுவரை பேசாதிருந்த இருவரும் ஒரே குரலில் “ரசம்” என்கிறார்கள். அவரையே விருந்தினராகவும் கணக்கில் கொள்ளலாம். ஒரு டம்ளர் ரசமும் உண்டு.

‘அப்படியாயின் 40 அடி வாங்கினால் ஊடலுக்கு நிறைய இடமாயிற்றே’ என்பர் ஒரு சாரார். அது குற்றமுடைத்து. நீளம் கூடக் கூட ஊடற்கு இடம் கூடுவது உண்மை; ஆனால் ஊடற்குக் காரணம் அதைவிட வேகமாகக் கூடும். வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது இதைக் காணலாம். கணவர் ஓட்ட, மனைவி பின்னே நின்று கை காட்ட, முகாமே நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும்.

“ஏங்க, லெஃப்ட்ல ஒடிங்க!”

“உன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?”

“மரத்துப் பக்கம்!”

“ரெண்டு பக்கமும் மரந்தானே இருக்கு!”

இதற்குப் பிறகு 40 அடியும் போதாது. முன்னே நுழைந்து முன்னேயே வெளியேறும் முகாம் இடங்கள் உண்டு. சில டாலர் அதிகம். அதைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஆகவே கீழெல்லை ஒன்று, மேலெல்லை ஒன்று தேவை. கீழெல்லை: திரை போட்டால் மறையும் ஓட்டுநர் இருக்கை, நடுவே சாப்பாட்டு மேசை, பின்னே கதவுள்ள படுக்கையறை, இம்மூன்றும் அமையக் கிட்டத்தட்ட 24 அடி வேண்டும். மேலெல்லையை டெக்சசின் மலை ஒன்று வகுத்திருக்கிறது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் பேசினுக்கு ஏறும் வளைசாலையில் 24 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி. வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. கீழும் மேலும் ஒரே எண்ணில் வந்து நின்றன. விடை 24. இத்துணைச் செம்மையாக முடிந்த ஆய்வு அரிது.

எனினும் விற்பனைத் திடலுக்குப் போகும்போது அளவு நாடா எடுத்துச் செல்க. பெயரில் 24 என்றிருக்கும் வண்டிகள் பல, பம்பரும் ஏணியும் சேர்த்து அளந்தால் 25, 26 காட்டும். இன்னொன்று: மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதிக்கு 21 அடிக்கு மேல் அனுமதியே இல்லை. அங்கே போக ஆசைப்பட்டால் கதவுள்ள படுக்கையறையைத் துறக்க வேண்டும். அல்லது வண்டியை அடிவாரத்தில் விட்டு வேறு வண்டி ஏற வேண்டும்.

புறனடை

வாங்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, அருகிலுள்ள இன்க்ஸ் லேக் பூங்காவில் மழைநாளாகப் பார்த்து நிறுத்துக. வெயில் நாளில் எல்லா வண்டியும் போதும். மழை பெய்தால்தான் ஊடல் நீளம் தெரியும். வாங்கிய வண்டியை வீட்டு முகப்பில் நிறுத்த ஹெச்.ஓ.ஏ. என்னும் வீட்டுக்காரர் சங்கம் பெரும்பாலும் விடாது, மாத வாடகைத் திடல் ஒன்றையும் கணக்கில் சேர்க்க.

இவ்வாய்வுக்கு எதிர்ச்சான்று ஒன்றுண்டு, மறைப்பது முறையன்று. இதே தம்பதியர் இருபது ஆண்டுக்கு முன் ஹோண்டா ஒடிசியில் ரைஸ் குக்கரும் புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும் ஏற்றிக்கொண்டு யெல்லோஸ்டோன் வரை போய் வந்தவர்கள். அந்த வண்டி முழுதும் 17 அடிக்குள். முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இடையே ஒரு முழம். ஊடல் நீளம் சுழியம் எனலாம். ஆயினும் சண்டை வந்த வேகத்தில் தீர்ந்தது. காரணம் நடுவரிசையில் இருந்தது: “அம்மா கேக்கறாங்க, அடுத்த எக்ஸிட்ல நிறுத்தணுமாம்”, “அப்பா சொல்றாரு, அதெல்லாம் முடியாதாம்” என்று இரு தூதர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

எனவே ஒரு கிளைத்தேற்றம் பெறப்படும். பேரப்பிள்ளைகள் இருவரை உடன் அழைத்துச் சென்றால் 21 அடியே போதும். கிளேசியர் சாலையும் திறந்துவிடும். இதை மகளிடம் போனில் எடுத்துரைத்ததில், கோடை முழுக்க அவர்களுக்கு ரோபாட்டிக்ஸ் கேம்ப் இருப்பதாகத் தெரியவந்தது.