எந்தக் 'கீ'?

'கீ' என்ற ஒற்றை ஆங்கில வார்த்தையைப் போர்த்துகீசில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் எதற்கு? அகராதி போதாதா என்று ஒருவர் கேட்டார்.

எந்தக் 'கீ'?

பூட்டைத் திறப்பதென்றால் 'ஷாவி'. கம்ப்யூட்டரிலும் பியானோவிலும் விரலால் அழுத்துவது 'டெக்லா'. பாடகர் கீயை இறக்கச் சொன்னால் அது 'தோம்'. தேர்வு முடிந்ததும் பிரேசில் மாணவர்கள் பதறிப்போய்த் தேடும் ஆன்சர் கீயோ 'கபரிட்டோ'. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டால், பியானோவில் 88 பூட்டுச்சாவிகள் தொங்கும்!

திரும்பி வரும் வழியும் லேசில்லை. 'ஷாவி' பூட்டோடு நிற்பதில்லை. மெக்கானிக் கையில் இருக்கும் ஸ்பேனரும் அதுவே, ஸ்க்ரூடிரைவரும் அந்தக் குடும்பம்தான். திருகித் திருகி வாயைப் பெரிதாக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனருக்கு 'ஷாவி இங்க்லேசா' என்று பெயர். நேர்ப்பொருள், 'ஆங்கிலச் சாவி'. அதை 'இங்கிலீஷ் கீ' என்று எழுதிக் கொடுத்தால் லண்டன் ஹார்ட்வேர் கடைக்காரரே விழிப்பார்.

கேள்வி கேட்டவரின் வீட்டிலும் ஒரு 'ஷாவி' தொங்குகிறது. தமிழில் புழங்கும் 'சாவி' போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல்தான். ஜன்னலும் மேசையும்கூட அவர்களோடு வந்து இறங்கியவை.