மீனுக்கு மட்டும் தெரியாத கலை

சாலையோரம் ஓர் அணில் அடிபட்டுக் கிடக்கிறது. கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. ஒன்று மட்டும் ஓரங்கட்டி நிற்கிறது. இறங்கி வருகிறவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, கௌரவமான தோற்றம். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுக்கிறார். பதற வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கடலோரத்தில், இதற்காக யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு வேண்டியது அணிலின் வால் மட்டும்தான். மனிதர் வீட்டில் ஈ கட்டுகிறவர்.

தூண்டிலில் புழுவைக் கோர்த்துப் போடுவது உலக வழக்கம். அது நம்மவருக்குக் கௌரவக் குறைச்சல். வெறும் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, இறகையும் ரோமத்தையும் வைத்துக் கட்டி, பூச்சியோ பொடிமீனோ என்று மீன் மயங்கும்படி ஒன்றைச் செய்வார். குளத்து ட்ரௌட் மீனுக்கு அரிசியளவில் ஒன்று. கடலில் வரும், கொடுவாவுக்கு வரி போட்டது போன்ற ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ மீனுக்கு விரல் நீளத்தில் ஒன்று. பூச்சியானாலும் பொடிமீனானாலும் எல்லாவற்றுக்கும் ‘ஈ’ என்றே பெயர். ஸ்ட்ரைப்டு பாஸ் மே மாத வாக்கில் கேப் காட் கரைக்கு வந்து, அக்டோபரில் தெற்கே போய்விடும். மிச்ச மாதங்களில் பனி கொட்டும், காற்று அறையும். அந்த மாதங்கள்தான் நம்மவரின் பொற்காலம். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப் பூட்டி, விளக்கைத் தாழ்த்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த மேஜையில் இனிமேல் யாரும் சாப்பிட முடியாது.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “சிக்கனம்தான். கடையில் ஒரு ஈ மூன்று டாலர். வீட்டில் கட்டினால் சில்லறைக் காசில் முடிந்துவிடும்.” கணக்கு சரிதான். ஆனால் முள்ளைப் பிடிக்க ஒரு வைஸ் வேண்டும். சும்மா பிடித்தால் போதாது, சுழலவும் வேண்டும். சுழலும் வைஸ் பல நூறு டாலர். நூல்கண்டைத் தாங்க பாபின் வேண்டும், ஒரு நிறத்துக்கு ஒன்றாக. சேவலின் கழுத்துத் தோல் முழுசாக வேண்டும், அதில் அவர் பயன்படுத்தப்போவது ஐந்தாறு இறகுதான் என்றாலும். மானின் வால் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, எலுமிச்சைப் பச்சையில் மூன்று. மூன்றும் ஒரே பச்சை என்று சொல்கிறவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் சுமைகூலியும் போக, அவற்றை வைக்க இழுப்பறை வைத்த அலமாரி வேறு.

சரி, பிடித்த மீனாவது குழம்புக்கு ஆகுமா? ஸ்ட்ரைப்டு பாஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான்; அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல் 31 அங்குலத்தைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். நம்மவருக்கு அந்த ஒன்றும் வேண்டாம். பிடிப்பார், ரசிப்பார், விட்டுவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி கடையில் மீன் வாங்கி வருவார். சிக்கனம்!

ஈ கட்டுகிறவருக்கு உலகம் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. உயிரினங்கள் எல்லாம் மூலப்பொருள்களாகவே தெரியும். உங்கள் வீட்டு நாயை அவர் தடவிக் கொடுத்தால் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்; அடிரோமம் எத்தனை மிருதுவென்று பார்க்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் புதிதாகக் கம்பளிக் கோட்டு போட்டு வந்தால் அவர் பார்வை காலரிலேயே நிற்கும். கிறிஸ்துமஸ் மரத்து ஜிகினா, பழைய கம்பளத்தின் நார், மகளின் நகப்பாலிஷ் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், பின்னொரு நாள் ஏதாவது ஓர் ஈயின் உடம்பில் தென்படும். ஈயின் தலைமுடிச்சு அவிழாமல் இருக்கப் பூசுவதற்கு நகப்பாலிஷைப் போல வருமா? வராது என்று மகளிடமே விளக்குவார்.

வேட்டைக்கார நண்பர் கொடுத்த தோலில் அந்துப்பூச்சி இருந்தால் மொத்தச் சொத்தும் போச்சு. ஆகவே புதிதாக வருவது எதுவானாலும் முதலில் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறைக்குப் போகும். ஐஸ்கிரீம் எடுக்கப் போன விருந்தாளி காட்டு வாத்தின் முகத்தைப் பார்த்து அலறிய வீடுகள் உண்டு. பிறகு இரண்டாவது குளிர்பதனப் பெட்டி வாங்கப்படும். அதுவும் சிக்கனக் கணக்கில்தான் ஏறும்.

கடற்கரையில் கிடக்கும் கடற்காகத்தின் இறகை மட்டும் தொடமாட்டார். 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி, தானாக விழுந்த இறகாக இருந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்வது குற்றம். வேறு எந்தச் சட்டமும் தெரியாத மனிதருக்கு இறகுச் சட்டம் மட்டும் மனப்பாடம். கோழி சரி, வான்கோழி சரி, நாரை கூடாது என்று சடசடவென்று ஒப்பிப்பார்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், முன்னோர்களைச் சாட்சிக்கு இழுப்பார். கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்: மாசிடோனியாக்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, இரண்டு சேவல் இறகைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்தார்கள் என்று. ஏலியனோடு நிறுத்தினால் நல்லது. நிறுத்த மாட்டார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆஸ்டின் என்பவர் கட்டிய புகழ்பெற்ற ஓர் ஈக்கு ரோமம் எங்கிருந்து வந்தது தெரியுமா? செம்மறிக் கிடாவின் விதைப்பையிலிருந்து. நியூயார்க் மாநிலத்து காட்ஸ்கில் மலைப்பக்கம் ஆற்று ஈ கட்டியவர்கள் பெண்நரியின் அடிவயிற்று ரோமத்தைத் தேடினார்கள். அதிலும் மூத்திரம் பட்டுப்பட்டு இளஞ்சிவப்பு ஏறிய இடம்தான் உசத்தி. சாயம் போட்டால் அந்த நிறம் வராதாம். விருந்துக்கு வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். நம்மவர் அதைக் கவனிப்பதில்லை.

அவர் கட்டும்போது ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கடலுக்கு அவர் அதிகம் கட்டுவது ‘கிளௌசர்’. பென்சில்வேனியாவின் பாப் கிளௌசர் 1980-களில் சஸ்குவஹன்னா ஆற்று மீனுக்காகக் கட்டியது. இன்று கடலிலும் அதன் ராஜ்யம்தான். முள் வைஸில் கவ்வப்படுகிறது. நூல் நெருக்கமாகச் சுற்றி வருகிறது. பளு தூக்குகிறவரின் கட்டையைக் கடுகளவாகச் சுருக்கிய உலோகக் கண் ஒன்றை முள்தண்டின் மேல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் போட்டு இறுக்குகிறார். அந்தக் கனத்தால் ஈ தண்ணீரில் குப்புறத் திரும்பி, முள்முனை மேலே பார்த்தபடி நீந்தும், பாறையில் சிக்காது. இழுத்தால் எழும், விட்டால் தலைகுப்புற இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனுக்குச் சபலம். பிறகு மான்வாலில் ஒரு சிட்டிகை வெள்ளை மயிர். வெட்டி, குட்டை மயிர்களைப் பிடுங்கி எறிந்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார். அதிகம். நாலைந்து மயிரைக் குறைக்கிறார். மறுபடியும் பார்க்கிறார். ஒன்றைத் திரும்பச் சேர்க்கிறார். இந்தக் கட்டத்தில் வீட்டில் தொலைபேசி அடித்தால் அது அடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக்கு மேல் நாலு இழை ஜிகினா, அதற்கும் மேல் எலுமிச்சைப் பச்சை, கடைசியில் ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் மகளின் நகப்பாலிஷ்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிற மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான். மிதக்கும் ஈக்கு வால் முள்தண்டின் நீளம் இருக்க வேண்டும். கழுத்திறகு, முள்வாயின் அகலத்தைப்போல ஒன்றரைப் பங்கு. அளக்க அதற்கென்று ஒரு கருவியே இருக்கிறது. முள்ளின் எண்ணோ இன்னொரு விசித்திரம். எண் ஏற ஏற முள் சிறுக்கும்: 2 பெரியது, 22 கண்ணுக்கே தெரியாதது. எதிர்ப்பக்கம் 1-ஐத் தாண்டியதும் 1/0, 2/0 என்று எண் ஏற ஏற முள் பெருக்கும். இதை நமக்கு விளக்கும்போது அவர் குரலில் சலிப்பே இருக்காது.

இத்தனை நுணுக்கமும் யாருக்காக? கண்காட்சிக்குப் போனால் புரியும். கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண்கள் பட்டுப்புடவையின் பார்டரைத் திருப்பிப் பார்ப்பது போல, ஒருவர் கட்டிய ஈயை மற்றவர் வாங்கி, தலைமுடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உதடு பிதுங்கும். “நல்லாத்தான் இருக்கு. தலை கொஞ்சம் பெரிசு.” அவ்வளவுதான், நம்மவருக்கு அன்றிரவு தூக்கம் போச்சு. ஒட்டுப் பசையில் கட்டியது ஈயா, ரப்பர் கால் வைத்தது ஈயா என்ற வழக்குகள் தனி. நியூ ஜெர்ஸிக் கடலோரத்தின் பாப் பாப்போவிக்ஸ், கோரைப் பல் மீன்கள் ஈயைக் கடித்துக் குதறுவதைப் பார்த்து, உடம்பெல்லாம் எப்பாக்ஸிப் பிசின் பூசி ஒன்று கட்டினார். பல் இறங்கவில்லை. ஆனால் இது கலையா, பிளம்பிங்கா என்ற தகராறு கிளம்பிவிட்டது.

மீன் இந்தத் தகராறில் எதிலும் கலந்துகொள்வதில்லை. பத்துப் பாஸ் கடித்து, பச்சை உதிர்ந்து, ஒரு கண் கழன்று, பிய்ந்த துடைப்பமாகிப்போன ஈயைத்தான் பதினோராவது பாஸும் ஆசையாகக் கடிக்கும். பெட்டியில் அளந்து கட்டிய அழகு ஈக்கள் வரிசையாகக் காத்திருக்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு, பிய்ந்ததையே மறுபடியும் வீசுவார். இங்கிலாந்தின் ஏவன் நதிக் காவலர் ஃபிராங்க் சாயர் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார். வண்ணக்கோழியின் வாலிறகும் செம்புக் கம்பியும் போதும் என்று ஒரு பூச்சி கட்டினார்; நூல்கூடக் கிடையாது. உலகம் முழுக்க ட்ரௌட் அதற்கு விழுந்தது. நம்மவர் சாயரைக் கும்பிடுவார். கும்பிட்டுவிட்டு அடுத்த அலமாரிக்கு ஆர்டர் கொடுப்பார்.

நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தால் அவர் தோசையைப் பற்றிக் கேட்கமாட்டார், கோயிலைப் பற்றிக் கேட்கமாட்டார். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு காட்டுக்கோழியைப் பற்றிக் கேட்பார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் புதருக்குள் கொக்கரிக்கிற நம் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகில் மெழுகு வைத்ததுபோல மஞ்சள் புள்ளி மினுங்குமே, அதுதான் சால்மன் மீனுக்குக் கட்டும் பழைய பாணி ஈயின் கன்னத்தில் வைக்கிற கண். இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை. வெளிநாட்டில் வளர்த்த சேவலின் தோலை விலைகொடுத்து வாங்கி, ஒவ்வோர் இறகாகச் செலவழிக்கிறார். நீங்கள் அந்தக் காட்டுச்சேவலை உயிரோடு பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது; அன்று முழுக்க நீங்கள்தான் பெரிய மனிதர்.

இந்த இறகுப் பித்து எல்லை மீறியதும் உண்டு. 2009-இல் லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன், விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களைக் கட்டும் மோகத்தில், டிரிங் ஊர் அருங்காட்சியகத்துக்குள் புகுந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனான். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. இந்தக் கதை வந்தால் நம்மவர் தலையிலடித்துக்கொள்வார். ‘அந்த இறகு ஒன்று கையில் கிடைத்தால்’ என்ற நினைப்பு முகத்தில் ஓடாமல் இருக்கத்தான் தலையிலடித்துக்கொள்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவருடைய குலதெய்வம் மேகன் பாய்ட். ஸ்காட்லாந்தின் பிரோரா ஊர்ப்பக்கம், கடலைப் பார்த்த சின்ன வீட்டில் பல பத்தாண்டுகள் சால்மன் ஈ கட்டிய அம்மையார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971-இல் அரசாங்கப் பதக்கம் கிடைத்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்கே போகவில்லை. அந்த அம்மையார் ஒரு நாளும் மீன் பிடித்ததில்லை. கலை மீனுக்காக இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று நம்மவர் கேட்பார். அவர் மனைவியும் அதையேதான் கேட்பார், வேறு தொனியில்.

விற்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். கொடுப்பார், விற்கமாட்டார். கரையில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருக்கு ஒன்றும் கடிக்கவில்லையென்றால், தன் பெட்டியைத் திறந்து நல்ல கிளௌசராக ஒன்றைப் பொறுக்கி நீட்டுவார். அடுத்த வீச்சில் அந்த ஆளுக்கு மீன் மாட்டும். நம்மவர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுவார். “மீனை விடுங்க சார், ஈயைக் காட்டுங்க!” கண் ஆடவில்லை, முடிச்சு அவிழவில்லை. பூரித்துப்போவார். அந்த ஆள் நன்றியோடு பர்ஸை எடுத்து, என்ன விலை என்று கேட்பார். நம்மவர் சும்மா சிரிப்பார். சுழலும் வைஸ், அலமாரி, இரண்டாவது குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து அடக்க விலையைச் சொன்னால் அந்த ஆள் மயங்கித் தண்ணீரில் விழுந்துவிடுவார். அப்புறம் ஈயும் நனைந்துவிடும்.