உருவத்தை நம்பி ஏற்றிய சார்ஜ்

சார்ஜ் ஏற்றவே கூடாத லித்தியம் பேட்டரியும், சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்த வேண்டிய லித்தியம் பேட்டரியும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் கடைகளில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. வாங்குபவரைக் குறைசொல்ல இடமில்லை. கார் சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 வில்லை 20 மி.மீ. குறுக்களவும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்டது, எல்ஐஆர்2032-ம் அப்படியே. ‘சி’ இருந்த இடத்தில் ‘எல்ஐ’ இருக்கும். அதுவும் பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

முதலாவது 3 வோல்ட், ஒருமுறைப் பயன்பாடு. இரண்டாவது 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வரை ஏறும். ஆனால் அதில் அடங்கும் மின்சாரம் முதலாவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சிக்கனம் கருதி அதை வாங்குபவர் சார்ஜருக்கும் தனியாகக் காசு கொடுத்துவிட்டு, 3 வோல்ட்டுக்குச் செய்த கருவி அதைத் தாங்குமா என்று காத்திருக்கிறார்.

சிஆர் வில்லைக்குள் இருப்பது உலோக லித்தியம். மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் அது பழைய இடத்தில் ஒழுங்காகப் படியாது; ஊசி ஊசியாக வளர்ந்து நடுத்தடுப்பைத் துளைக்கும். உள்ளேயே ஷார்ட் ஆகும், சூடேறும், எரியக்கூடிய திரவம் தன் குணத்தைக் காட்டும். இதை வீட்டில் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. கனடாவின் மோலி எனர்ஜி உலோக லித்தியத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி செய்து விற்று, ஜப்பானில் செல்போன்கள் தீப்பிடித்ததால் 1989-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி பேட்டரியில் உலோக லித்தியம் கிடையாது. அயனிகள் இரு முனைகளுக்கும் இடையே போய்வரும், அவ்வளவே. செல்போனில் இருப்பது இந்த வகை.

ரிமோட்டில் போடும் சின்னக் கட்டையின் கதை இன்னும் மோசம். அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் உண்டு, 1.2 வோல்ட் நிக்கல் உண்டு, சார்ஜ் ஏறாத 1.5 வோல்ட் லித்தியம் உண்டு, 14500 என்ற பெயரில் 3.7 வோல்ட் லித்தியம்-அயனியும் உண்டு. கடைசியாகச் சொன்னதில் இரண்டைப் போட்டால், 3 வோல்ட் எதிர்பார்த்த ரிமோட்டுக்கு ஏழுக்கு மேல் கிடைக்கும். சானல் மாறாது.

சார்ஜரும் கண்ணால் பார்த்து ஆள் அடையாளம் காண்பதில்லை. லித்தியம்-அயனி சார்ஜர் 4.2 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். நிக்கலுக்கான நல்ல சார்ஜரோ, நிரம்பியதும் மின்னழுத்தம் சற்று இறங்கும் என்று காத்திருக்கும். லித்தியம்-அயனியில் அந்த இறக்கம் வராது, சார்ஜர் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய துத்தநாகக் கட்டைகளை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். அந்த வைத்தியத்தை லித்தியம்-அயனிக்குச் செய்தால் ஆயுள்தான் குறையும். உப்பிய செல்போன் பேட்டரியை அமுக்கித் தட்டையாக்குவது அதைவிட வீரம். உப்பியதற்குச் சார்ஜும் ஏற்றக்கூடாது. பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் அது எந்த வகை என்று எழுத்தைத் தேட நேரமில்லை: தீர்ந்துபோன செல்கூட இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கிப்போடும் லித்தியத்தின் முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, குப்பைத்தொட்டியில் சேர்க்காமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.