ஓக், மேப்பிள், பனை

சிட்லப்பாக்கம் ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். விடிகாலை ஐந்தரைக்குப் போனால் கிழக்குத் தாம்பரத்தின் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம், காலில் இமயமலைக்கே போதுமான ஷூ, காதில் பக்திப் பாடலோ பங்குச் சந்தையோ. ஒருவரும் எங்கேயும் போகவில்லை. புறப்பட்ட கேட்டுக்கே திரும்பி வரத்தான் இத்தனை ஏற்பாடு. டாக்டர் உத்தரவின் பேரில் நானும் அந்த வரிசையில் ஒருவன்.

எழுபதுகளில், மேற்குத் தாம்பரத்தில், எங்களை நடக்கச் சொன்னது டாக்டர் இல்லை, பஸ். முடிச்சூர் ரோட்டில் அது வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார் அப்பா. வராது என்று தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டுவார். அவ்வளவுதான் புறப்பாடு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆகவே ரயில் போகிற திசையில் நாங்கள் பட்டணத்துக்காரர்கள். தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் சுத்தப் பட்டிக்காடு.

புரட்டாசி சனிக்கிழமை என்றால் திருநீர்மலை. புளிசாதத் தூக்கு அத்தை கையில், தண்ணீர்க் கூஜா என் கையில். ஏரிக்கரை, கால்வாய்க் கரை, வரப்பு, அப்புறம் அடையாற்றங்கரை. அடையாறு என்றதும் பங்களாக்கள் நிறைந்த பேட்டை மட்டும் ஞாபகம் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீராகக் கிளம்பி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலைக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கத்து உபரியையும் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 42 கிலோமீட்டர் சொச்சம் நடந்து கடலில் விழுகிற ஆறு. எங்கள் பக்கத்தில் அன்று கணுக்கால் அளவு தண்ணீரும் தலைக்கு மேல் நாணலும் இருந்தன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் மணல் விரலிடுக்கில் நழுவும்.

வழி நெடுக யார் யாருடைய நிலமோ. வரப்பில் நடந்தால் நிலத்துக்காரர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். வரப்பை விட்டு ஒரு கால் நாற்றில் பட்டுவிட்டால் போதும், வரப்போகிற மூன்று தலைமுறையையும் சேர்த்துத் திட்டுவார். எழுதாத சட்டம். மீற யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

மலையடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்றுகொண்டிருப்பார். மேலே ஏறினால் ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பார், நரசிம்மர் வீற்றிருப்பார், உலகளந்த பெருமாள் நடந்துகொண்டிருப்பார். நடந்து வருகிறவர்களுக்கு இந்த நாலாமவர்தான் சொந்தச் சாமி என்பது அத்தையின் கட்சி. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம், வடிகிற வரைக்கும் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்று தலபுராணம். அப்பா ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் தம்பி, "ஆறு மாசம் லீவு யாருப்பா குடுத்தா?" என்பான். உலகளந்தவர் மூன்றே அடியில் வேலையை முடித்தார். அந்த அளவை போதவில்லையோ என்னவோ, இன்று மலைமேல் நின்று பார்த்தால் சுற்றிலும் 2,400 சதுர அடிக் கிரவுண்டாக மறுபடி அளந்து விற்று முடித்திருக்கிறார்கள்.

கோடையில் கோவில் இல்லை, பனை. ஏரிக்கரைப் பனைகளில் காலையில் இறங்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்பதால் அப்பா குடிக்கும் முன், "சுண்ணாம்பு போட்டதுதானே?" என்று கேட்டுக்கொள்வார். மரமேறி சிரித்தபடி, "உங்களுக்குன்னா போட்டதுதான்" என்பார். அந்தப் பதிலின் ஆழம் எனக்குக் கல்லூரி போன பிறகுதான் விளங்கியது. அரசாங்கம் 1971இல் கள்ளுக்கடையைத் திறந்து, சில வருஷத்தில் மூடி, 1981இல் மறுபடி திறந்து, 1987 ஜனவரியிலிருந்து ஒரேயடியாக மூடியது. மரம் பாட்டுக்கு வடித்துக்கொண்டிருந்தது. பிறகு மரங்களும் இல்லை.

காட்டுக்கு வண்டலூர். களாக்காய், காரைப்பழம், சூரைப்பழம் என்று சட்டைப்பையில் கறையோடு திரும்புவோம். 1985இல் அங்கே உயிரியல் பூங்கா வந்தது. எங்களை வெளியே நிறுத்திவிட்டுச் சிங்கத்தை உள்ளே விட்டார்கள். ரொம்ப நாள் எனக்கு அதில் வருத்தம். இன்று அந்தச் சாலையில் போகும்போது, வேலி போட்டவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் மிஞ்சிய காடெல்லாம் யாரோ பூட்டி வைத்த காடுதான். 1937இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகமும் அப்படித்தான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரங்களைத் தேடித் தேடி வைத்து வளர்த்தார். அங்கே புள்ளிமான் இன்னும் திரிகிறது. நன்மங்கலத்துக் காட்டில் கல்குவாரிப் பள்ளத்து ஆந்தைகள் பிழைத்துக் கிடக்கின்றன. பூட்டாமல் விட்ட இடங்களின் பெயர் பஸ் நிறுத்தங்களில் மட்டும் இருக்கிறது.

மகள் பிரான்சில், ஆர்லேயான் நகரத்தில் இருக்கிறாள். போன வருஷம் போனபோது, "அப்பா, நாளைக்கு ஹைக்கிங்" என்றாள். பயந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் முழுக்க முழுக்கத் திருநீர்மலை நடை. ஒரு பக்கம் லுவார் ஆறு, நடுவில் மணல் திட்டு, கரையில் நாணல், தூரத்தில் ஒரு கோபுரம். அத்தையும் புளிசாதமும்தான் குறை. ஆர்லேயானிலிருந்து போஜான்சி வரைக்குமான அந்தத் துண்டுதான் நாட்டின் முதல் நெடும்பாதை, 1947இல் குறித்தது. ஜெர்மன்காரன் போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, பாலமெல்லாம் உடைந்து கிடந்திருக்கும், அதற்குள் உட்கார்ந்து நடக்கிறதற்குப் பாதை குறித்திருக்கிறார்கள்.

வழி காட்டுவதற்கு மரத்திலும் சுவரிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வெள்ளையும் காவியும் பட்டை அடித்த சுவரைத் தொடர்ந்து போனால் கோவில் குளத்தில் போய் நிற்போம். திரும்பக் கூடாத திசையில் அதே நிறங்களில் ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆற்றோர வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி விழுந்தால் பொக்லைன் வரப்போகிறது என்றுதானே நமக்குப் பழக்கம்.

மறுநாள் திராட்சைத் தோட்டம். கொடி வரிசைகளுக்கு நடுவிலேயே பாதை போகிறது. நான் குரலைத் தாழ்த்தி, "தோட்டக்காரன் பார்த்தா விரட்ட மாட்டானா?" என்றேன். "இது ஊர்ப் பொதுப் பாதைப்பா. தோட்டம்தான் அவங்களுது." மாலையில் ஒரு தோட்டத்து வாசலில் வைனை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். யாரும் சுண்ணாம்பைப் பற்றிக் கேட்கவில்லை. பரிமாறியவரிடம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தத் திராட்சையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று குறிப்பு இருக்கிறது. பரிமாறியவர் மரியாதையாகத் தலையாட்டினார். நம்பினாரா தெரியாது.

அங்கே பாதைகளைக் காப்பாற்ற 1983இல் ஒரு சட்டம் வந்தது. மாவட்டத்து நடைபாதைப் பட்டியலில் ஒரு கிராமப் பாதை ஏறிவிட்டால், ஊராட்சி அதை விற்பதற்கு முன் மாற்றுப் பாதை காட்டியாக வேண்டும். மகள் இதைச் சொன்னபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மிடம் 1882லேயே வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு இருபது வருஷம் ஒரு வழியில் போய்வந்தவனுக்கு வழியுரிமை உண்டு, ஊர் வழக்கத்தால் வந்த உரிமைக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. பிரெஞ்சுக்காரனைவிட நூற்றியொரு வருஷம் முந்திக்கொண்டோம். என்ன, வழி அடைபட்டால் இரண்டு வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு வருஷமும் நாங்கள் பக்கத்து மனையை முன்பணம் கொடுத்துப் பதிவு செய்வதில் மும்முரமாக இருந்தோம்.

2015 டிசம்பரில் அந்தப் பழைய வழிகள் ஒரே ஒரு முறை உபயோகப்பட்டன. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கிவிட்டன. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த படகைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் கழுத்தளவுத் தண்ணீரில் திணறினார். "பெரியவரே, மேடு எந்தப் பக்கம்?" என்றார். பழைய வண்டிப்பாதையின் மேடு எங்கே ஓடியது என்று எனக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப்புக்கு இடது பக்கமாகப் போய், அழகு நிலையத்தைத் தாண்டி வளைக்கச் சொன்னேன். தண்ணீர் அவருக்கு இடுப்புக்கு இறங்கியது. "ஆத்துக்காரரா நீங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

அதன் பிறகு ஆற்றை அகலப்படுத்தி, கரையை உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளத்துக்காகக் கட்டிய கரை, நடப்பதற்கும் தோதாக இருக்கிறது என்பது யாரும் திட்டமிடாத லாபம். குப்பை மூட்டைகளுக்கு ஒதுங்கி, எருமைகளுக்கு வழிவிட்டுக் கொஞ்ச தூரம் போகலாம்.

இந்தச் சித்திரையில் ஒரு வைராக்கியம் வந்தது. அரசாங்க இணையத்தில் நில எல்லைகளைக் காட்டும் புலப்படம் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் இறக்கிப் பார்த்தேன். வண்டிப்பாதை ஒரு துண்டு இருந்தது, ஓடை இருந்தது. வரப்பு வழி இல்லை. ஞாபகத்தை வைத்து மீதியை இணைத்துக்கொண்டு, ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் போய் முட்டியது. பெயர்ப் பலகையில் கொட்டை எழுத்தில் 'வுட்ஸ்' என்று இருந்தது. காவலாளி பதிவேட்டை நீட்டினார்.

"எந்த பிளாக் சார்?"

"பிளாக் எல்லாம் இல்லப்பா. இப்படியே உள்ள போயி அந்தப் பக்கம் ஆத்தங்கரையில ஏறணும். அங்கேருந்து திருநீர்மலை."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க ஓக், மேப்பிள், பைன் மூணுதான் சார் இருக்கு. நீங்க சொல்றது அடுத்த கேட்டா இருக்கும், போய்க் கேட்டுப் பாருங்க."