முன்பின் தெரியாதவர் எழுதுவது

15 காசு கார்டில், அனுப்பியவர் பெயர் இல்லாமல், மூலையில் மஞ்சள் தடவி வந்த திருப்பதி வெங்கடாசலபதி கடிதங்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். இதை அப்படியே நகலெடுத்து இத்தனை பேருக்கு அனுப்பினால் லாட்டரி விழும், கிழித்தெறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எழுதியிருக்கும். அம்மா அதைக் கிழிக்கவும் மாட்டார், எழுதி அனுப்பவும் மாட்டார்; சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அதே கடிதங்கள்தான் தொண்ணூறுகளின் கடைசியில், பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த எங்களைத் தேடி, கையெழுத்தை மட்டும் தொலைத்துவிட்டு, ஹாட்மெயிலுக்குள் வந்து சேர்ந்தன: பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய், இல்லாவிட்டால் உன் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கின் மொத்தக் கொள்ளளவே 2 எம்பி. பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்க இறங்க, ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் இருந்த சின்னச் சதுரத்தில் டிக் அடித்து நாமே கழித்துக்கட்டிய காலம் அது. காசு கொடுத்து வாங்கிய மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லாகோஸிலிருந்து ஒரு மந்திரியின் விதவை தன் கணவர் விட்டுப்போன கோடிகளைப் பற்றி எழுதியிருப்பதை யாராவது சத்தமாக வாசிப்பார்கள்; பக்கத்துத் தடுப்பிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். குப்பையையும் முழுசாகப் படித்த அந்த நாட்கள் மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டு.

இந்த வியாபாரம் நமக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. 1978 மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தன் புதிய கணினிகளைக் காண வருமாறு ஒரே மடலை அனுப்பினார். திட்டு விழுந்தது, கணினிகளும் விற்றன. விற்றதால்தான் பின்னால் வந்தவர்கள் யாரும் நிறுத்தவில்லை.

முதலில் வந்த வடிகட்டிகள் இந்த முகவரியைத் தடு, அந்தச் சொல்லைத் தடு என்ற அளவில் நின்றன. அனுப்புகிறவர்களோ ஓர் எழுத்தை எண்ணாக மாற்றிப்போட்டுத் தாண்டிப் போனார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரை வேறு வழி காட்டியது. உன் நல்ல கடிதங்களை ஒரு பக்கமும் குப்பையை மறுபக்கமும் குவி. ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எவ்வளவு வருகிறது என்று எண்ணு. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுப் பார். அப்படி எண்ணியபோது, பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான எச்டிஎம்எல் குறியீடான 'எஃப்எஃப்0000' எந்த ஆபாசச் சொல்லுக்கும் குறையாமல் குப்பையைக் காட்டிக்கொடுத்ததாம்! எனக்கு அதில் பிடித்தது வேறு: அந்த வடிகட்டி அவரவர் கடிதங்களிலிருந்து கற்றது, எந்தச் சொல்லால் தள்ளியது என்று கேட்டால் சொல்லவும் சொன்னது.

இன்று கோடிக்கணக்கானோரின் அஞ்சலைப் பார்த்துக் கற்ற பொறி, நாம் விழிக்கும் முன்பே வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு நான் நன்றியுடையவன். இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று மிரட்டும் ஒரு செய்தியால் ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுக்க இருந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். வடிகட்டி இன்னும் கடுமையாக இருக்கட்டும் என்றே அவர்கள் பொருட்டு விரும்புகிறேன். ஆனாலும் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை, 30 நாளில் தானே அழிந்துவிடும் என்பதால்.

போன மாதம் அங்கே, கடன் அழைப்புகளுக்கு நடுவில், பருத்தித்துறையிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் கிடந்தது. 'ஐயா, நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள்' என்று தொடங்கியிருந்தார். லாகோஸ் விதவையும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குவார். முன்பின் தெரியாத எவருக்கும் வேறு தொடக்கம் ஏது? நான் எப்போதோ எழுதிய ஒரு கட்டுரையில், அவருடைய தாத்தா வேலை பார்த்த அச்சுக்கூடம் வந்திருந்ததாம். அதன் பழைய படம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார். 'ஸ்பாம் அல்ல' என்று அழுத்திவிட்டு, இருந்த ஒரே படத்தை அன்றே அனுப்பினேன். மறுநாள் அவருடைய பதில் நேராக இன்பாக்ஸுக்கே வந்தது, படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர்தான் தாத்தா என்று.